எண்ணெயில் குழைத்த குங்குமம்

அண்ணே,

முதலில் பிள்ளைகள் விஷயம், அதைக் கேட்காமல் நீங்கள் உட்காரக்கூட மாட்டீர்கள். மூத்த பேரன் அகிலன் கோலாலம்பூரில் கணக்காய்வாளர் ஆகிவிட்டான், டை கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். மீனா தாதிப் படிப்பை முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். கவின் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை என் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் கண்ணில் படாமல் போகாது. கடைக்குட்டி தர்ஷினி கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் என்ஜின் வேலை பார்க்கிறாள். உங்கள் கை அவளுக்கு வந்திருக்கிறது.

அவளால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். காலையில் கையில் பட்ட எண்ணெய், சோப்புப் போட்டும் போகவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசையும்போது அந்த வாசம் வந்தது. வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். பள்ளிக்கூடம் தூரம், கொண்டுபோய் விட ஆளில்லை. அதை நான் மறந்தாலும் நீங்கள் மறக்கவில்லை. பள்ளி வேன் வாங்கிய அன்றைக்கே சொன்னீர்கள்: "ஒம் புள்ளைங்க ஒரு நாளும் வீட்ல நிக்கக் கூடாது பாப்பா." மழையில் ரோடு முங்கினாலும் ஹார்ன் சத்தம் கேட்கும். என் பிள்ளைகள் படித்தது அந்த வேனில் ஏறித்தான்.

கடைசியில் வேனின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்தபோது அதைக் காயலான் கடைக்குப் போட்டீர்கள். என்ஜினை மட்டும் இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி, வெறும் இரும்புக் கூடாக நின்ற பிளாக்கை என் வீட்டு கராஜில் கொண்டுவந்து வைத்தீர்கள். உங்கள் அடுக்குமாடி வீட்டில் அதற்கு ஏது இடம்?

"அண்ணே, இது வீடா, பழைய இரும்பு அடுக்குற பெசி புரோக் கடையா?" என்று கத்தினேன்.

"பாடி செத்துருச்சு, இது சாகல பாப்பா. ஒரு நாளைக்கு எவனுக்காச்சும் ஓடும்லா."

சிமெண்டுத் தரையில் படாமல் பலகை போட்டு அதன்மேல் ஏற்றினீர்கள். சிலிண்டர் துளைகளுக்குள் கையை விட்டுக் கெட்டி எண்ணெய் தடவினீர்கள். நான் பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு இறுக்கிக் கட்டப் போனேன், தடுத்துவிட்டீர்கள். "கட்டாத, அதுக்கும் வேர்க்கும். கீழ தொறந்து விடு." மழைக்காலம் வருமுன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை பையைத் தூக்கிப் பார்த்து, துடைத்து, புது எண்ணெய் போட வேண்டும். நம் ஊர்க் கடல்காற்றுக்கு அவ்வளவாவது செய்யாவிட்டால் இரும்பு தாங்காது என்பீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் காருக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்தேன், இதற்கு வைக்காமல் விட மனசு கேட்குமா? சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, மேலே வழவழவென்று இருந்த இடத்தில் வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். அடுத்த முறை நீங்கள் வந்து துடைத்தபோது பொட்டுக்குக் கீழே வட்டமாகத் துரு. திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"பொட்டு வெச்சு அம்மை வரவெச்சிட்டியே பாப்பா!"

உப்புத்தாளால் பதமாகத் தேய்த்து எடுத்தீர்கள். பிறகு குங்குமத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, பக்கவாட்டில் நீங்களே வைத்தீர்கள். "இனிமே இப்படி வை. சாமி கோவிச்சுக்காது." பொட்டே வேண்டாமென்று சொல்லாமல், தண்ணீரை மட்டும் எண்ணெயாக மாற்றிய மனசு உங்களுடையது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு என் மகன் புதுக் கார் வாங்கினான், நிறுத்த இடமில்லை. "அம்மா, பழைய பேப்பர் லோரி வருது, இதையும் ஏத்தி விட்ரலாமா?" என்றான். "தொட்டுப் பாரு, அன்னிக்கே ஒனக்குச் சோறு இல்ல" என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளுக்குள் பயம். எண்ணெய் போடுகிறேன், துளைகள் மினுங்குகின்றன. ஆனால் உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் என் கைக்கு எட்டுமா, கண்ணுக்குத் தெரியுமா? நீங்கள் நம்பி விட்டுப்போனதை நான் துருவுக்குக் கொடுத்திருந்தால்?

போன மாதம் நம் தீவின் அந்தப் பக்கம் பாலிக் புலாவிலிருந்து டுரியான் தோட்டக்காரர் ஒருவர் தர்ஷினியின் பட்டறைக்கு வந்தார். உங்களுடையதைப் போன்ற அதே வேன். பிளாக் வெடித்துப் போய், மாற்றுக்கு எங்கெங்கோ தேடியும் கிடைக்கவில்லையாம். இவள் லோரியோடு வந்து நின்றாள்.

"பாட்டி, அளந்து பாத்துத்தான் சொல்ல முடியும். சரியில்லன்னா மனச ஒடச்சுக்கக் கூடாது, ஆமா."

எடுத்துப் போன நாள் முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கராஜுக்கும் நடந்தேன். சாயங்காலம் போன் அடித்தது.

"பாட்டி! ஒரு சொட்டு ஒழுகல. அளவும் அப்படியே இருக்கு. இத யாரு வெச்சிருந்தான்னு எங்க மொதலாளி தவுக்கேயே கேக்குறாரு!"

"அவருகிட்ட என்னடி சொன்ன?"

"எங்க தாத்தா ஆரம்பிச்சாரு, பாட்டி முடிச்சாங்கன்னேன். பக்கத்துல செவப்பா என்னன்னாரு. அதுதான் எங்க வீட்டு வாரண்டின்னு சொல்லிட்டேன்லா!"

சிரித்தேன். பிறகு அந்தக் காலிப் பலகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலையில் அந்த வேன் தோட்டத்துக்குப் போகுமுன் நம் வீட்டு கேட் பக்கம் வந்தது. தர்ஷினிதான் ஓட்டி வந்தாள், தோட்டக்காரர் பக்கத்தில் இருந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, எண்ணெயில் குழைத்த குங்குமத்தைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அவர் சீனர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றார். வண்டி கிளம்பியது. அண்ணே, அந்தச் சத்தம்! பையை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடிவரப் போகிறார்கள் என்று ஒரு நொடி உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கராஜில் இப்போது இடம் காலி. ஆனாலும் என் மகன் அந்தப் பலகையை எடுக்கவில்லை, காரை அதற்கு முன்னாலேயே நிறுத்துகிறான். நானும் ஏன் என்று கேட்கவில்லை. என்னிடம் மிச்சமிருப்பது விரலில் இந்தச் சிவப்பும் வாசமும்தான். இன்றைக்கு மறுபடியும் கை கழுவ அவசரமில்லை.

சுவரில் உள்ள படத்தில் நீங்கள் பழைய வேனில் சாய்ந்து நிற்கிறீர்கள். அதற்குப் பக்கத்தில் இந்த வேனின் புதுப் படம் ஒன்று வேண்டும். தர்ஷினி போனில் எடுத்துக் காட்டினாள். "அதெல்லாம் வேணாம், தாள்ல போட்டுத் தபால்ல அனுப்பு" என்றேன். "ஃபெர்ரி ஏறுனா வந்துருவேன் பாட்டி, தபால் எதுக்கு?" என்கிறாள்.

வீடு என் முகவரிதான். உறைமேல் உங்கள் பெயரை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பாப்பா