அப்பாவுக்குக் கல்லறை கிடையாது

அக். 29, புதன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஞாயிறு கல்லறைத் திருநாள். சர்ச் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். தெருவே பூவுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. எங்களுக்கு அந்த வேலை இல்லை. அப்பா ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார். உடல்தானம் எழுதிவைத்துவிட்டுப் போனார். மார்ச்சில் ஆஸ்பத்திரி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. அதோடு சரி.

பக்கத்து வீட்டு கிரேஸ் அக்கா சும்மா இராமல் அம்மாவிடம்: "அந்த ஆஸ்பத்திரில மியூசியம் இருக்காம்லா. எலும்புக்கூடு, ஈரல் எல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சுக் காட்டுதாவளாம்."

அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. "அப்ப உங்க அப்பாவும் அங்கனதான இருப்பாக? ஏட்டி, என்னக் கூட்டிட்டுப் போ."

கிரேஸ் அக்காவுக்கு வாயில் பூட்டு போட்டால் தேவலை.

அக். 30, வியாழன்
அப்படியெல்லாம் வைக்க மாட்டார்கள் என்று எத்தனை தடவை சொல்லியாச்சு. கேட்டால்தானே. நாளைக்கு லீவு சொன்னேன். எடுக்க வேண்டியது: குடை, பிரஷர் மாத்திரை, தண்ணீர். அம்மா தானாக எடுத்து வைத்தது: ஈரத்துணியில் சுற்றிய சம்பங்கி மாலை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக். 31, வெள்ளி
சங்கரன்கோவிலிலிருந்து முதல் பஸ். ஆஸ்பத்திரி வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஒரு பழைய வார்டையே மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். மரத்தில் செய்த ஸ்டெதஸ்கோப். எலும்பு அறுக்கிற ரம்பம். அதைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் அம்மா கண்ணை மறைத்தது. தட்டிவிட்டாள்.

மூலையில் எலும்புக்கூடு. அம்மா குனிந்து இடது முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். அப்பா கரிவலம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து ராடு வைத்த கால்.

"ராடு இல்ல. இவுக இல்ல."

பிறகு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றாக, கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். நுரையீரல். இருதயம். "ஏட்டி, இதுல பேரு போட்டிருக்கா?"

அங்கே பொறுப்பாக இருந்த நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்தார். "இதெல்லாம் அந்தக் காலத்துல எடுத்து வச்சதும்மா. உங்க வீட்டு சார் மெடிக்கல் காலேஜ்ல இருப்பாங்க. அங்க வெளி ஆள விடமாட்டாங்க. படிக்க வர்ற பிள்ளைங்க முதல் நாள் எந்திரிச்சு நின்னு அவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் தொடங்குவாங்க."

"அவுகளுக்கு அது போதும். வாத்தியாருல்லா," என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "எனக்கு என்ன இருக்கு?"

நர்ஸுக்கும் கண் கலங்கிவிட்டது. மூன்று பேரும் எலும்புக்கூட்டுக்கு முன்னால் அழுதோம். ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மாலையை நர்ஸ் வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பார் என்று கேட்கவில்லை.

நவ. 1, சனி
மழை. கரண்ட் இல்லை. ரசம் மட்டும் வைத்தேன். அம்மா எழுந்திருக்கவே இல்லை. அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வருகிறது. ஊருக்கெல்லாம் நல்லவர். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? போய் நின்று அவரைத் திட்டக்கூட ஒரு இடம் இல்லை.

நவ. 2, ஞாயிறு
வெயில். தெருவில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். சாயங்காலம் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் போனா என்னயும் அந்தக் காலேஜுக்கே குடுத்துரு. அவுக இருக்குற எடத்துல இருந்துக்கிடுதேன்."

கத்திவிட்டேன். "அப்ப நான் எங்கனம்மா வந்து அழ?"

அம்மா என் தலையைத் தடவினாள்.

"முந்தாநாள் மாதிரி பஸ் ஏறி வா, மக்கா."