நமத்துப்போன பொரி

விக்கிரமங்கலம்,
3-2-1985.

அன்புள்ள அம்மாவுக்கு, மலர்கொடி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். நெய்வேலியில் நீ, சித்தப்பா, பாப்பா மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வந்து என்னைக் கூட்டிப்போவதாகவும், நீ வேலைக்குப் போனால் பாப்பாவை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். தபால்காரர் அந்தக் கடிதத்தை என் கையில்தான் கொடுத்தார். அத்தையிடம் இன்னும் காட்டவில்லை. அத்தை தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். விளக்கைக் குறைத்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும்.

அரையாண்டில் கணக்கில் எழுபத்திரண்டு வாங்கினேன். சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டே, அங்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அத்தை சொல்லிவிட்டார். மார்ச்சில் பத்தாவது பரீட்சை.

அம்மா, நீ சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு நெய்வேலி போன பிறகு, நான் இங்கு வந்த புதிதில் மூன்று இட்லி வைத்தால் ஒன்றை மறைத்துத் துணிப்பெட்டிக்குள் வைப்பேன். அத்தை கடைக்குக் கிளம்பினாலே நானும் பின்னால் ஓடுவேன். அப்பா இறந்த வருஷம் நீ, “உள்ள தாழ் போட்டுக்க, ரெண்டு நாள்ல வந்துடறேன்” என்று போய் ஒன்பதாம் நாள் வந்தாயே, அது ஞாபகம் வரும்.

பெட்டியில் எறும்பு ஏறி அத்தை கண்டுபிடித்துவிட்டார். அடிப்பார் என்று மூலையில் போய் நின்றேன். அவரோ ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொரியும் கடலையும் போட்டு என் பாய் பக்கத்தில் வைத்து, “இது ஒனக்குத்தான்டி. கொறஞ்சா சொல்லு. இட்லியப் பொட்டில வச்சா எறும்புதான் படிச்சு பாஸாகும்” என்றார். தினமும் ராத்திரி எழுந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பேன்.

போன வாரம் அத்தை திறந்து பார்த்தால் பொரி எல்லாம் நமத்துக் கிடக்கிறது. “ஒரு மாசமா தொடவே இல்லியாடி மவராசி?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ராத்திரியில் எழுவதை விட்டுவிட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உன் கடிதம் வந்த அன்று மறுபடியும் ஒரு இட்லியை எடுத்து ஒளித்துவிட்டேன்.

கோபப்படாதே. நான் இங்கேயே படிக்கிறேன். “பெத்தவ வந்து கூப்பிட்டா நான் எப்புடித் தடுக்கறது?” என்று அத்தை பக்கத்து வீட்டு ரெங்கம்மாளிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் நீதான் சொல்ல வேண்டும். ஞாயிறன்று வா. அத்தை குழம்பு வைப்பார், சாப்பிடு. போகும்போது, “மலரு இங்கயே இருக்கட்டும்” என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. முழுப்பரீட்சை லீவுக்கு நெய்வேலி வந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், சத்தியம்.

அதுவரை நீ வேலைக்குப் போகும்போது, அவளை உனக்குத் தெரிந்தவர் யாரிடமாவது விட்டுவிட்டுப் போ. பாப்பாவுக்கு இன்னும் நாள் எண்ணத் தெரியாது. இருந்தாலும், என்றைக்கு வருவதாக அவளிடம் சொல்கிறாயோ அன்றைக்கே வந்துவிடு அம்மா.

உன் மகள்,
மலர்கொடி