சாலமோன் கட்டாத வாசல்

அன்பு மகள் யெமிமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம்தான், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் என் கவலை. இங்கே இன்னும் மழை இல்லை, கூடாரப் பண்டிகை முடிந்து முற்றத்துக் கூடாரத்தின் ஓலைகளை நேற்றுதான் பிரித்துப் போட்டோம். போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் ஆய்வுக்கூடத்துச் சோதனை முடிவு வந்ததிலிருந்து அவர் உன்னோடு பேசாமல் போனை என்னிடம் நீட்டிவிடுவது உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். மேட்டைத் தோண்டி எடுத்த அந்தப் பழைய நகரவாசல் சாலமோன் ராஜா கட்டியது என்று காலமெல்லாம் அடித்துச் சொன்ன மனுஷன். அதன் தரைக்கு அடியில் கிடந்த கருகின ஒலிவக் கொட்டைகளைத் தன் கையால் பொறுக்கி, என் மகளே நிரூபிக்கட்டும் என்று உனக்கு அனுப்பினதும் அவர்தான். நீயோ அவை சாலமோனுக்கு நூறு வருஷம் பிந்தினவை, மேலே நிற்கும் வாசல் அதற்கும் பிந்தினது என்றுவிட்டாய். சாலமோனுக்குப் பெரிய ராஜ்யமே கிடையாது என்கிற ஆராய்ச்சியாளர் கூட்டத்தோடு நீயும் சேர்ந்துவிட்டாய் என்று அவருக்கு நினைப்பு, அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. விருந்தினர் விடுதி நடத்தும் செபுலோன் வேறு, "உங்க பொண்ணு ஒரு கொட்டைய வச்சு என் பொழப்பையே கெடுத்துட்டா தீர்சாக்கா, சாலமோன் இல்லேன்னா எவன் இங்க வந்து தங்குவான்?" என்று வேலியோரம் நின்று புலம்பினான். பண்டிகைக்கு வந்த கூட்டத்துக்கு வழக்கம்போல அப்பாதான் வாசலைக் காட்ட வேண்டும். "பழசையே சொல்லிடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போகுது" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். அப்பா கையை உருவிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். "இது சாலமோன் கட்டினதுன்னுதான் நான் சொல்லிக்கிட்டிருந்தேன். இல்லையாம். பின்னாடி வந்த ஒரு ராஜா கட்டினதாம். கண்டுபிடிச்சது என் பொண்ணு" என்றார். உங்கள் மகள் தப்பாகச் சொல்லியிருந்தால் என்று யாரோ கேட்டதற்கு, "அவளுக்கு மண்ணைப் பாக்கக் கத்துக்குடுத்தவன் நான், என்கிட்டயே கேக்குறீங்களா?" என்று எரிந்து விழுந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது யெமிமா.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல பசியும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்கு முன் அப்பாவே உன்னைக் கூப்பிடுவார். வாசலில் அப்படிப் பேசின அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்க மேட்டில் கிடைத்த பானை ஓடுகளைப் பரப்பிக்கொண்டு உன்னை மடக்க ஆதாரம் தேடுகிறார், அதனால் நேரே சண்டைக்குத்தான் வருவார். வயசானவர் பாவம் என்று விட்டுக்கொடுத்துவிடாதே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா தீர்சா