அவளிடம் மட்டும் சொல்லவில்லை

மார்ச் 3, திங்கள்

இன்று காலை என்னைக் கருவி கழுவும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினொரு வருடம் ஆபரேஷன் கருவிகளைச் சரிபார்த்து, செட் கட்டி, கையெழுத்துப் போட்ட மேஜையில் இப்போது என் ஓரகத்தி உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

போன வாரம் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு செட்டைப் பிரித்தபோது கத்தரிக்கோலின் மூட்டில் காய்ந்த ரத்தம் இருந்ததாம். நல்லவேளை, நர்ஸ் பார்த்துவிட்டாள். மயக்கத்தில் கிடந்த நோயாளியை நாற்பது நிமிடம் காக்க வைத்து வேறு செட் கொண்டுபோயிருக்கிறார்கள். செட்டில் என் கையெழுத்து.

அதற்காக மட்டும் மாற்ற மாட்டார்கள். மேட்ரன் சொன்னதுதான் உறுத்துகிறது: “இது முதல் தடவை இல்லைன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்காங்க.”

ஒருத்தர். அந்த அறையில் நாங்கள் மூன்றே பேர். கருவிகளை நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவ்காரன் தன் லீவு லெட்டரையே என்னை எழுதித் தரச் சொல்பவன். மிச்சம் யார்?

மார்ச் 4

மதியம் ஓரகத்தி என் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கேட்காமலே. எதற்கு?

மார்ச் 6, வியாழன்

தியேட்டர் நர்ஸிடம் சொன்னேன். “குடும்பத்துக்குள்ளேயேவா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். “நான் அப்பவே சொல்லல?” என்றாள். எப்போது சொன்னாள் என்று நினைவில்லை. இருந்தாலும் கேட்க இதமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சபையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அவள். கண்ணை இறுக மூடி நீண்ட ஜெபம். யாருக்குத் தெரியவேண்டுமாம்?

உனக்கு எதிராகத் தவறு செய்த சகோதரனிடம் நீயே போய், தனியாக இருக்கும்போது பேசு என்று இயேசு சொன்னதைப் பற்றி இன்று பிரசங்கம். “நாம என்ன பண்றோம்? எல்லார்கிட்டயும் சொல்றோம், அவங்ககிட்ட மட்டும் சொல்றதில்ல” என்றார் போதகர். அப்போது என் பக்கம் பார்த்தார். பார்த்தாரா? இவரிடமும் போய் ஓதிவிட்டாளோ?

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். கணவர், அக்கா, அக்காவின் மாமியார், தியேட்டர் நர்ஸ், லிஃப்ட்காரர். லிஃப்ட்காரரிடம் எதற்குச் சொன்னேன்? மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது, சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

கண்ணால் பார்த்துவிட்டேன். மேட்ரன் அறையிலிருந்து கையில் ஒரு தாளோடு வந்தாள். என்னைக் கண்டதும் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கணவரிடம் சொன்னேன். அவருக்குத் தம்பி மனைவியை விட்டுக்கொடுக்க மனமில்லை.

“அவகிட்டயே கேட்டுடேன்.”

“கேட்டா பொய் சொல்லுவா.”

“சரி, அந்தப் பொய்யவாவது கேட்டுட்டு வா. ஒரு வாரமா நீ சொல்றதை மட்டுமே கேட்டுட்டு இருக்கேன்.”

யார் பக்கம் இவர்?

மார்ச் 12

போதகர் சொன்ன பகுதியை எடுத்து வாசித்தேன். அவளை மடக்குவதற்கு ஏதாவது கிடைக்கும் என்றுதான். போய்ப் பேசினால் கிடைக்கும் ஆதாயம் என்று ஆண்டவர் சொல்வது சகோதரனை. நியாயம் என் பக்கம் என்று நிரூபணமாகும் என எங்கும் இல்லை. எனக்கு வேண்டியதோ அது மட்டும்தான்.

மார்ச் 13

அவளிடம் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். யாரிடம்? என்னிடமே.

மார்ச் 14, வெள்ளி

போனேன். கருவிகளை உலர்த்தும் அறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன். அவள் முகம் வெளிறியது. பயப்படுகிறாள், மாட்டிக்கொண்டாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

“நீதானே எழுதிக் கொடுத்தே?”

“ஆமாக்கா.”

பொய்க்குத் தயாராகப் போயிருந்தேன்.

“உங்களை மாத்துங்கன்னு எழுதலக்கா. ஒரு செட்டை ரெண்டு பேர் பாக்கணும்னு எழுதினேன். செவ்வாக்கிழமை திரும்பவும் அதையேதான் எழுதிட்டுப் போனேன், மேட்ரன் நாளைக்குக் கொண்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசமா நீங்க கட்டி வச்சதுல நாலு செட்டைப் பிரிச்சுத் திரும்பக் கழுவியிருக்கேன். தியேட்டர்ல மாட்டின அந்த செட்டை நீங்க கட்டின அன்னிக்கு நான் லீவு.”

“என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா உனக்கு?”

“பயமா இருந்துச்சு. வேலைக்குச் சேர்த்துவிட்டது நீங்க. எப்படிக்கா சொல்றது? உங்ககிட்டதான் முதல்ல வந்திருக்கணும். அது என் தப்பு.”

அழுதாள். நான் அழவில்லை. தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த நோட்டில்கூட எழுதாததை இப்போது எழுதுகிறேன். வருடப் பிறப்பிலிருந்தே நான் கத்தரிக்கோல்களை விரித்துப் பார்ப்பதில்லை. பதினொரு வருடம் ஆயிற்று, கைக்கே தெரியும் என்ற திமிர். ஊரையே சந்தேகப்பட்டேன், என் கையை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

அதை அவளிடம் சொன்னேன். சொல்ல எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. ஆட்டோகிளேவ்காரன் இருமுறை கதவைத் தட்டினான்.

மார்ச் 17, திங்கள்

மேட்ரனிடம் போய், “எழுதினது உண்மைதான் மேடம்” என்றேன். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு செட்டிலும் இரண்டு கையெழுத்து. மேஜை அவளுக்கே.

யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடமெல்லாம் தப்பு என்னுடையதுதான் என்று திருத்திச் சொல்லி வருகிறேன். அக்காவுக்குத்தான் பெரிய ஏமாற்றம். லிஃப்ட்காரருக்கு மூன்று மாடி போதவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவள் இன்று என் தொட்டிப் பக்கம் வந்தாள். ஆட்டோகிளேவ்காரன் வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு நான் கழுவி அனுப்பிய கத்தரிக்கோல் ஒன்றை நீட்டி, “அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றாள், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

கோபம் வந்தது. தொட்டி நிரம்பும்வரை இருந்தது. பிறகு குழாயை மூடிவிட்டு, விளக்குக்கு நேராகப் பிடித்து விரித்தேன்.

மூட்டில் ஒரு ரத்தக் கீற்று. கழுவி அவளிடம் கொடுத்தேன். அவளும் ஒருமுறை விரித்துப் பார்த்தாள்.