மூன்றாவது டெலஸ்கோப்பும் சரியில்லை

அக்டோபர் 9
மூன்றாவதும் சரியில்லை. கடைக்காரர் தன் மாடியில் நிறுத்தி, ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் பக்கம் திருப்பிக் கொடுத்தார். பார்த்தேன். கும்மிருட்டு.
"படம் எடுக்கத்தானே கேக்கறீங்க?" என்றார். "பத்து நிமிஷம் திறந்து வெச்சா கேமராவே பாத்துக்கும். வானத்தோட கூடவே திரும்புற நல்ல தாங்கியா பாத்து வாங்குங்க, போதும்."
நான் பல் செட்டு செய்கிறவள். வாயில் மாட்டிப் பார்க்காமல் யாருக்காவது கொடுத்திருக்கிறேனா? என் கண்ணுக்கே தெரியாதது கேமராவுக்கு எப்படித் தெரியும்? தலையில் கட்டப் பார்க்கிறார்.

அக்டோபர் 10
வாசற்படியில் மறுபடி இடறி, கட்டைவிரல் வீக்கம். விளக்குப் போட மறக்கிற மனிதரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

அக்டோபர் 17
எனக்குச் சாட்சி சொல்ல என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். வானத்தில் நிலாவைத் தவிர எதுவும் தெரியாத மனிதர். நாலாவது டெலஸ்கோப், இருப்பதிலேயே பெரியது. "இதுவும் தண்டம், நீங்களே பாருங்க" என்று தள்ளி நின்றேன்.
குனிந்தார். "நடுவுல புகை மாதிரி ஒண்ணு இருக்கே, அதுவா?"
விளையாடுகிறார் என்று நினைத்தேன். "அதேதான் சார்" என்றார் கடைக்காரர். மறுபடி பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு இல்லை.
இறங்கும்போது கணவரிடம் கேட்டேன் — இருட்டில் படி தெரியுமா? "கொஞ்சம் தெரியுமேம்மா." எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லையே. எல்லோரும் இப்படித்தான் தடவித் தடவி நடக்கிறார்கள் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்?

அக்டோபர் 18
தூக்கமில்லை.

அக்டோபர் 24
கண் டாக்டர்: "விழித்திரையில இருட்டுக்கு வேலை செய்யற பகுதி சின்ன வயசுலேர்ந்தே மங்கிட்டு வருது. மருந்து கிடையாது. வெளிச்சத்துல நேர்ப்பார்வை ரொம்ப வருஷம் நிக்கலாம்."
நிக்கலாமாம். பல் செட்டுக்கு அது போதும். வானத்துக்கு? "அப்போ எந்த டெலஸ்கோப் வாங்கணும்?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் என் கணவர் முகத்தைப் பார்த்தார்.

நவம்பர் 2
டெலஸ்கோப் பேச்சையே எடுக்காதீங்க என்று அவரிடம் கத்திவிட்டேன். "கேமராவுக்கு மாலைக்கண் கிடையாதே" என்றார். அவருக்கு எதில்தான் கிண்டல் இல்லை? பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நவம்பர் 8
வாங்கியாயிற்று, கேமராவுக்காகவே. குட்டிக் குழாய், கனமான தாங்கி. கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ் வேண்டாம் என்றேன்.

நவம்பர் 15
அவர் மாடியில் கேமராவைத் திறந்துவிட்டு வந்தார். நான் அறையில், பளிச்சென்ற விளக்கடியில், கணினித் திரையின் முன். ஒரு படத்தின்மேல் இன்னொன்றாகச் சேரச் சேர, ஆண்ட்ரோமெடாவின் சுருண்ட கைகள் தெரிந்தன. ஓரத்தில் நீலம். நடுவே கறுப்புத் தூசிக் கோடுகள்.
அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நான் அன்னிக்குப் பாத்தது இது இல்லையே. வெறும் புகைதானே தெரிஞ்சுது."
"கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றேன். "யார் கண்ணுக்கும்."
"கொஞ்சம் தள்ளிக்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.