எழுந்து நடக்க வேண்டிய காட்சி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரே நாளில் ஒரு மருமகள், ஒரு பேய், ஒரு பிஸ்கட் விளம்பரத்து அம்மா. மூவருக்கும் நான்தான் குரல். தொண்டை கட்டிவிட்டது. பேய்க்குக் கத்தியதைவிட மருமகளுக்கு அழுததில்தான் அதிகம் போயிற்று.

டப்பிங் முடிந்ததும் இயக்குநர் தன் புதுத் தொடரைப் பற்றிப் பேசினார். கதாநாயகி சக்கர நாற்காலியில் இருப்பவளாம். என்னைப் போல. வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். "சார், என்னை ஒரு தடவை நடிக்க வச்சுப் பாருங்களேன்." மாற்றுத்திறனாளிகள் சங்கக் கூட்டத்திலெல்லாம் எங்கள் வேஷத்தை எங்களுக்கே கொடுங்கள் என்று முழங்கிய வாய்தானே. அவர் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை வாங்க, பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "பார்க்கலாம்னுதானே சொன்னாரு, தர்றேன்னா சொன்னாரு?" நல்ல வார்த்தை ஒன்று வாயில் வந்தால் அவளுக்கு ஜுரம் வந்துவிடும்.

மார்ச் 10, திங்கள்

நடித்துக் காட்டிவிட்டேன்! கதவைத் திறந்து உள்ளே வந்து, கட்டிலுக்கு மாறி, அம்மாவோடு சண்டை போடும் காட்சி. நாற்காலியை வாசலில் முட்டுக் கொடுத்து முழங்கையால் கதவைத் தள்ளுவேனே, அதை மறுபடி மறுபடி செய்யச் சொன்னார் இயக்குநர். பேன்ட்டைப் பிடித்து வலது காலைக் கட்டிலில் தூக்கி வைப்பதையும். வசனம் எழுதுகிற அம்மா கைதட்டினார். கேமராக்காரர், "பின்னிட்டீங்க மேடம்" என்றார்.

ஓரமாக ஒரு இளம்பெண் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ உதவி இயக்குநர் போலிருக்கிறது.

மார்ச் 19, புதன்

ஃபோன் வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஃபோன் வந்தது. வங்கிக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண். நல்ல குரல் அவளுக்கு.

ஏப்ரல் 2, புதன்



டப்பிங் என்று கூப்பிட்டார்கள், போனேன். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்கள். ஒரு பெண் சக்கர நாற்காலியில் வருகிறாள். வாசலில் முட்டுக் கொடுக்கிறாள். முழங்கையால் கதவைத் தள்ளுகிறாள். பேன்ட்டைப் பிடித்து வலது காலைத் தூக்கி வைக்கிறாள். நான். நான்தான் அது. முகம் மட்டும் வேறே — அன்றைக்கு ஓரமாக உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பெண்.

எனக்குத்தான் வலது கால் சொன்ன பேச்சு கேட்காது. கதையில் எந்தக் கால் என்றே இல்லை. என் காலைக்கூட விடலையே, பாவிங்க!

ஒலிப்பதிவாளர், "மேடம், ரெடியா?" என்கிறார். வாயைத் திறந்தேன். பேய்க்கு வந்த குரல் எனக்கு வரவில்லை.

வெளியே இயக்குநரைப் பிடித்தேன். "அன்னைக்கு எடுத்தது எனக்கு டெஸ்ட் இல்லையா சார்?" அவர் கொஞ்சமும் கூசவில்லை. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. "உங்க நடிப்பு பிரமாதம்மா. ஆனா கடைசி எபிசோடுல அவ எழுந்து நடக்கணுமே. உங்களை வச்சு நான் எப்படி நடக்க வைக்கிறது?"

  

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

குரல் கொடுக்கப் போகிறேன். அக்கா, "உனக்கு ரோஷமே கிடையாதாடி?" என்றாள். இருக்கிறது. ஆனால் வேறொருத்தி போனால் கதையில் வரும் பெண்ணை அழுமூஞ்சி ஆக்கிவிடுவாள். நான் போனால் வரிக்கு வரி சண்டை போடலாம். இன்றைக்கே "என்னால் யாருக்கு என்ன பயன்" என்ற வரியை அடிக்க வைத்தேன். வசனம் எழுதுகிற அம்மா மறுபேச்சுப் பேசாமல் அடித்தார். கடைசி எபிசோடுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதையும் மாற்ற வைத்துவிட மாட்டேனா?

மே 30, வெள்ளி

தொடர் சக்கைப்போடு போடுகிறது. "அந்த நாற்காலியிலேயே வாழ்ந்தேன்" என்று கதாநாயகி பேட்டி கொடுக்கிறாள். படப்பிடிப்புக்கு ஒருநாள் போயிருந்தேன். சாப்பாட்டு வேளையில் அந்த நாற்காலியில் தட்டுகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அதில் வாழ்ந்தது தட்டுகள்தான்.

ஜூன் 17, செவ்வாய்

கதையை மாற்றவில்லை. திரையில் அவள் எழுகிறாள். "அம்மா, நான் நடக்கிறேன்!" என்று நான் சொல்ல வேண்டும்.

"மாட்டேன் சார்."

"ஒரே ஒரு வரிம்மா!"

"அந்த ஒரு வரிதான் சார். உட்கார்ந்தபடியே அவ ஜெயிக்கக் கூடாதா? எழுந்தாத்தான் மனுஷின்னு வீட்டுல பார்த்துட்டிருக்கற என்னை மாதிரி பிள்ளைங்ககிட்ட நான் சொல்லணுமா?"

சேனல் ஒப்புக்கொள்ளாது என்று இயக்குநர் கத்தினார். என் கண் முன்னாலேயே வேறு ஆளுக்கு ஃபோன் போட்டார். வசனம் எழுதுகிற அம்மா என்னோடு வாசல் வரை வந்தார். "எழுதினது நான்தான். எனக்கே நாக்கு கூசுது" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

எழுந்து நின்றதும் அவளுக்குக் குரல் மாறிவிட்டது. எதிர்வீட்டுக்காரி அக்காவிடம் கேட்டாளாம், "கால் சரியானா தொண்டை கெட்டுப்போகுமா?" வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். இனி இயக்குநர் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

யாருமே கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வசனம் எழுதுகிற அம்மாவிடமிருந்து ஃபோன். வேறு சேனலில் புதுத் தொடர் எழுதுகிறாராம்.

"ஒரு பாத்திரம் இருக்கு. பண்றீங்களா?"

"யாருக்குக் குரல் கொடுக்கணும்?"

"குரல் இல்லம்மா, நீங்களே நடிக்கணும். வீட்டு ஓனர். குடியிருக்கறவங்க நிம்மதியைக் கெடுக்கறதே அவளுக்கு வேலை."

"அவ ஏன் நாற்காலியில இருக்கா?"

"அதெல்லாம் எழுதலையே. எதுக்கு எழுதணும்?"

ஃபோனை வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்கா பதறிப்போய், "யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

நவம்பர் 8, சனி

காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் நாற்காலி முன்னால் வந்து நின்றார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு உச்சுக்கொட்டல், "எப்படிம்மா ஆச்சு?", முடிந்தால் தலையை ஒரு தடவல். முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"நகையைத் திருடினதும் நீ, அந்தப் பச்சை மண்ணு மேல பழி போட்டதும் நீ. நீயெல்லாம் நல்லா இருப்பியாடி?"

கடையே திரும்பிப் பார்த்தது. நேற்று ராத்திரி எபிசோடில் வீட்டு ஓனர் செய்த வேலை அது. அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பினாள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடு அக்கா. திட்டட்டும்."