ஆடிக்கொண்டிருக்கும் தராசு

துவைத்த வெள்ளைச் சட்டையை உள்ளே வைக்க அலமாரியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசம். உன் கறுப்பு அங்கியில் வீசிய அதே வாசம். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் நீ இறங்கும்வரை என் பக்கத்து இருக்கையில் இருந்த வாசம். சட்டையை வைக்காமல், கையில் பிடித்தபடியே நிற்கிறேன். உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்.

அப்போது நீ வக்கீல். நான் ஓர் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதும் குமாஸ்தா. மழை வருமா என்று கேட்பாய். நான் மலையைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து, கடைசியில் 'பெர்ஹாப்ஸ்' என்பேன். கண்டக்டர்கூட என்னைப் பெர்ஹாப்ஸ் சார் என்று கூப்பிட்டது உன்னால்தான். ஒருநாள் மாற்றி 'பிராபப்ளி' என்றேன். நீ விடவில்லை.

"ஏலே, பிராபப்ளின்னா தராசு ஒரு பக்கம் சாஞ்சிருக்கணும். எதைப் போட்டுச் சாய்ச்சே? பெர்ஹாப்ஸ்னா அது இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு. எங்க கோர்ட்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிருவான்."

இறங்கும்போது இன்னொன்றும் சொன்னாய். "பயத்துல அதைச் சொல்லாதல. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. சந்தேகம்னா மட்டும் பெர்ஹாப்ஸ் சொல்லு."

நீ செத்துப்போன பிறகு எங்கள் தெருவில் ஒரு களவு நடந்தது. எதிர்வீட்டு மரகதம் விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பைக்கில் வந்தவன் அவள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். பால் பாக்கெட் எடுக்க வந்த நான் அவன் முகத்தைப் பக்கவாட்டில் ஒரு கணம் பார்த்தேன். வேறு சாட்சி இல்லை. பிறகு சோழபுரத்துக்காரன் ஒருவனைப் பிடித்தார்கள். சங்கிலி கிடைக்கவில்லை.

போன வாரம் சாட்சி சொல்ல இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் மரகதம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தழும்பு. "அண்ணாச்சி, நீங்கதான் பாத்தீய. அவந்தான்னு சொல்லிருங்க, போதும்."

குற்றவாளிக் கூண்டில் நின்றவனைப் பார்த்தேன். அந்த மூக்குதான் என்று தோன்றியது. அந்த மூக்கு இன்னும் எத்தனை பேருக்கு இருக்கும் என்றும் தோன்றியது. "அவராக இருக்கலாம்" என்றேன். நீதிபதி அம்மா அதை ஆங்கிலத்தில் சொல்ல, பக்கத்திலிருந்தவர் தட்டச்சு செய்தார். அதில் பிராபப்ளி என்று வந்தது.

சபையில் வாய் திறக்காதவன் நான் என்பது உனக்குத் தெரியும். எப்படியோ கை உயர்ந்துவிட்டது.

"அம்மா, பிராபப்ளி இல்லைங்க. பெர்ஹாப்ஸ்."

வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. யாராவது மிரட்டினார்களா, பயப்படுகிறீர்களா என்று கேட்டார்.

"பயம் எனக்கு எப்பவும் உண்டுங்கம்மா. இது சந்தேகம்."

சொல்லை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டில் மரகதம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்க வீட்டுப் பொம்பளை கழுத்தா இருந்தாலும் இப்படித்தான் சொல்வீயளா அண்ணாச்சி?" பஸ் வந்ததும் அவள் தள்ளிப்போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவனேதான் என்றால், நான் அவளுக்குத் துரோகம் செய்தவன். அவன் இல்லை என்றால், 'இருக்கலாம்' என்று சொன்னதே அதிகம். இப்படியே மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். காலையில் பால் எடுக்கப் போனால் அவள் எனக்கு முதுகு காட்டிக் கோலம் போடுகிறாள். பைக் சத்தம் கேட்டால் மட்டும் இருவரும் ஒன்றாக நிமிர்கிறோம்.

நீ விட்டுப்போன தராசு என் கையில்தான் இருக்கிறது. அது தானாக ஆடுகிறதா, என் கை நடுங்குவதால் ஆடுகிறதா? பக்கத்து இருக்கையில் இருந்திருந்தால் நீ பார்த்துச் சொல்லியிருப்பாய்.